முகத்தில் எதைத் திருத்துவது, எதை விடுவது? போட்டோ ரீடச்சிங் ஓர் அறிமுகம்

கல்யாண ஆல்பம் ஒன்றைப் புரட்டுங்கள். சில பக்கங்களில் மணப்பெண்ணின் முகத்தில் ஒரு ரேகை, ஒரு மயிர்த்துளைகூடத் தெரியாது. முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். பார்த்தவர்கள் “நல்லா டச் பண்ணியிருக்காங்க” என்பார்கள். அந்தப் பேச்சு வந்துவிட்டாலே ரீடச்சர் தோற்றுவிட்டார். “அன்னைக்கு எவ்வளவு லட்சணமா இருந்தா பாரு” என்று படத்தில் இருப்பவரைப் பற்றிப் பேச வைப்பதுதான் இந்த வேலை.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். படம் முழுவதற்குமாக வெளிச்சம், நிறம், கான்ட்ராஸ்ட் ஆகியவற்றைச் சரிசெய்வது கலர் கரெக்‌ஷன். அது முடிந்தபின் படத்துக்குள் புகுந்து கன்னம், கண்ணின் கீழ்ப்பகுதி, நெற்றிச்சுட்டி, சேலை மடிப்பு என்று இடம் இடமாகத் திருத்துவது ரீடச்சிங். இது கம்ப்யூட்டரோடு பிறந்த தொழில் இல்லை. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில், தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, நெகட்டிவின் எமல்ஷன் (படம் பதியும் ரசாயனப் பூச்சு) பக்கத்தில் கூர்மையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். கண்ணுக்குக் கீழிருந்த கருமையும் சுருக்கமும் அப்படித்தான் மென்மையாகின. ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. படத்தின்மேல் கண்ணாடித் தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருத்தும் லேயர் வசதி 1994இல் மூன்றாம் பதிப்பில் வந்தது. பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டிக் கலக்கும் ஹீலிங் பிரஷ் 2002இல் ஏழாம் பதிப்பில் வந்தது. கருவிகள் இத்தனை மாறியும், பென்சில் பிடித்தவர் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி இன்றும் மாறவில்லை: இங்கே கண்ணை உறுத்துவது தோலா, தோல்மேல் விழுந்த வெளிச்சமா?

நல்ல ரீடச்சரையும் சுமாரான ரீடச்சரையும் பிரிப்பது இந்தக் கேள்விதான். ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

தோலும் வெளிச்சமும்

ஒரு பருவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சின்ன மேடு. விளக்கு இடப்பக்கம் இருந்தால் மேட்டின் இடச்சரிவு பளிச்சென்றும் வலச்சரிவு இருண்டும் பதிவாகும். சுற்றிலும் கொஞ்சம் சிவந்திருக்கும். படத்தில் நாம் பரு என்று பார்ப்பது இந்த மூன்றையும்தான்: ஒரு வெளிச்சப் புள்ளி, ஒரு நிழல் பிறை, ஒரு சிவப்பு வட்டம். வெளிச்சத்தைச் சற்று இறக்கி, நிழலைச் சற்று ஏற்றி, சிவப்பைச் சுற்றியுள்ள நிறத்தோடு சேர்த்துவிட்டால் மேடு தட்டையாகிவிடும். அங்கிருக்கும் மயிர்த்துளைகளை நாம் தொடவே இல்லை.

இதே இடத்தில் பிளர், அதாவது மங்கலாக்கும் ஃபில்டர், போட்டால் என்ன ஆகிறது? முதலில் அழிவது துளைகள், ஏனென்றால் அவைதான் மிகச் சின்னவை. பருவின் வெளிச்சமும் நிழலும் சிவப்பும் அழியாமல், இன்னும் அகலமாகப் பரவி, மங்கலான திட்டாக நிற்கும். அதாவது வைத்திருக்க வேண்டியது போய்விடுகிறது, போக வேண்டியது தங்கிவிடுகிறது. ஒரே க்ளிக்கில் முகத்தை வழுவழுப்பாக்கும் ஃபில்டர்கள் பலவற்றின் அடிப்படைக் கோளாறு இது. பிறகு அதை மறைக்கப் போலித் துளைகளைத் தூவுவார்கள். நெற்றியில் துளை சின்னது, மூக்குப் பக்கம் பெரியது, கண்ணுக்குக் கீழே கண்ணுக்கே தெரியாத அளவு நுணுக்கமானது. தூவிய துளைக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

எது போகலாம், எது இருக்க வேண்டும்

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவது படத்திலிருந்தும் போகலாம். வாழ்நாள் முழுக்க இருப்பது படத்திலும் இருக்கட்டும். தொடங்குபவர்களுக்கு இந்த ஒரு விதி நெடுந்தூரம் வரும். பரு, வெட்டுக்காயம், கொசுக்கடி, தூக்கமில்லாத கண்ணின் சிவப்பு, பல்லில் ஒட்டிய லிப்ஸ்டிக், இமையில் உதிர்ந்த மை ஆகியவை முதல் வகை. மச்சம், பழைய தழும்பு, கன்னக்குழி, சிரித்தால் விழும் கோடு ஆகியவை இரண்டாம் வகை. தழும்பை எடுக்கச் சொல்லி அந்த நபரே கேட்டால் எடுக்கலாம். நாமாக எடுக்கக் கூடாது.

நம் கல்யாணங்களில் இந்த விதிக்குள் அடங்காத சிலவும் உண்டு. மணப்பெண்ணின் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டை மென்பொருள் ஒரு கறை என்று நினைத்து அழித்துவிடும். எங்கோ வெளியூரில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் அப்படியே அழித்துவிடுவார். அந்தப் பொட்டை வைத்த அத்தை ஆல்பத்தில் முதலில் தேடுவது அதைத்தான். தலையில் தங்கிய அட்சதை, நெற்றியில் வழிந்த சந்தனம், வகிட்டிலிருந்து மூக்கில் உதிர்ந்த குங்குமம் எல்லாம் சடங்கு நடந்ததன் அடையாளங்கள். சந்தேகமானால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதை முழுவதும் எடுத்தால் கண்குழியின் அமைப்பே போய், முகம் தட்டையாகிவிடும். தனி லேயரில் முழுவதுமாகச் சரிசெய்துவிட்டு, அந்த லேயரின் ஒப்பாசிட்டியை (கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவை) 40 முதல் 60 சதவீதத்துக்கு இறக்குங்கள்.

வேலை நடக்கும் வரிசை

ஜேபெக்கில் தொடங்காதீர்கள். இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) 14 பிட் தகவல் தருகின்றன. ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். 8 பிட் ஜேபெக்கில் அது 256 படி மட்டுமே. கன்னத்திலிருந்து தாடைக்கு மெல்ல இறங்கும் நிழலை நாலைந்து முறை திருத்தும்போது 256 படி போதாமல், வெளிச்சம் பட்டை பட்டையாக உடையும். ராவைத் திறந்து 16 பிட் ஃபைலாக ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. அசல் லேயரில் கை வைக்காமல், மேலே ஒரு காலி லேயர் போட்டு, ஹீலிங் பிரஷ்ஷின் சாம்பிள் அமைப்பைக் ‘கரண்ட் அண்ட் பிலோ’ என்று வையுங்கள். திருத்தம் எல்லாம் அந்தக் காலி லேயரில் விழும், தவறினால் அழித்துக்கொள்ளலாம். பிரஷ், நீக்க வேண்டிய புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். மாதிரி எடுக்கும் இடம் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நெற்றித் தோலைக் கன்னத்தில் ஒட்டக் கூடாது. படத்தை 100 சதவீத அளவில் வைத்துச் செய்யுங்கள். 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் யாரும் பார்க்கப்போகாத துளைகளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஹீலிங் பிரஷ் சுற்றியுள்ள நிறத்தை இழுத்துக் கலக்கும் இயல்புடையது. உதட்டோரம், முடி தொடங்கும் இடம், ஒட்டியாணத்தின் விளிம்பு ஆகியவற்றில் அதைப் பயன்படுத்தினால் கருப்போ சிவப்போ தோலுக்குள் கசிந்து அழுக்குத் தீற்றலாகத் தெரியும். அந்த இடங்களில், நிறத்தைக் கலக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப் எடுங்கள். பறக்கும் முடிகளில் முகத்தின் குறுக்கே போவதை மட்டும் எடுத்தால் போதும். தலையைச் சுற்றி ஒரு முடிகூட இல்லாமல் வெட்டினால், தலையைப் படத்தில் ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும்.

டாட்ஜ் அண்ட் பர்ன்

இந்தத் தொழிலின் இதயம் இதுதான். கற்றுக்கொள்ள நேரம் பிடிப்பதும் இதுவே. பெயர் இருட்டறையிலிருந்து வந்தது: நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சத்தை ஓரிடத்தில் தடுத்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும், அது டாட்ஜ், கூடுதலாக விட்டால் கருக்கும், அது பர்ன்.

வெளிச்சத்தை ஒரு வளைவால் ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் லேயர்கள் இரண்டு போடுங்கள். ஒன்றில் வளைவின் நடுவைப் பிடித்துச் சற்று மேலே ஏற்றுங்கள், மற்றொன்றில் சற்றுக் கீழே இறக்குங்கள். லேயரின் விளைவு எங்கே தெரிய வேண்டும் என்று காட்டுவது மாஸ்க்: வெள்ளையில் தெரியும், கருப்பில் தெரியாது. இரண்டின் மாஸ்க்கையும் கருப்பால் நிரப்பினால் விளைவு மறைந்துவிடும். இனி மென்மையான விளிம்புள்ள வெள்ளை பிரஷ்ஷால், ஒப்பாசிட்டி 100, ஃப்ளோ (பிரஷ்ஷிலிருந்து நிறம் வழியும் வேகம்) 1 முதல் 3 சதவீதம் என்று வைத்து, வெளுக்க வேண்டிய இடத்தில் முதல் மாஸ்க்கிலும், கருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் மாஸ்க்கிலும் தடவுங்கள். ஒரு தீற்றலில் எதுவும் தெரியாது. பத்துத் தீற்றலில் மெல்லத் தெரியத் தொடங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எங்கே தடவுவது என்று தொடக்கத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. நிறம் குறுக்கே வந்து ஏமாற்றும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்பு-வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயரும், கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் ஒரு கர்வ்ஸும் தற்காலிகமாகப் போடுங்கள். திட்டுகள் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே வேலை செய்யக் கூடாது. அந்த நிலையில் எந்த முகமும் அசிங்கமாகத்தான் தெரியும், கை நிற்காது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை அணைத்து நிறத்தில் பாருங்கள், படத்தைத் திரையளவுக்குச் சிறிதாக்கியும் பாருங்கள்.

இரண்டு அளவில் இந்த வேலை நடக்கும். சிறிய அளவில் பருமேடு, நுண்சுருக்கம் போன்ற திட்டுகளைச் சமன்செய்வது. பெரிய அளவில் முகத்தின் வடிவத்தைத் தாங்கும் வெளிச்சத்தை வலுப்படுத்துவது: கன்னமேட்டின் ஒளி, மூக்குத்தண்டின் ஒளி, தாடைக்குக் கீழே நிழல். சிறியதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் முகம் சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. ஒன்றையும் கவனியுங்கள். கர்வ்ஸால் கருக்கிய இடத்தில் நிறம் அடர்ந்து, ஆரஞ்சாகத் தடிக்கும். அதே மாஸ்க்கை, நிறத்தின் அடர்த்தியை மாற்றும் ஒரு ஹியூ சாச்சுரேஷன் லேயருக்குக் கொடுத்து நிறத்தைச் சற்றுக் குறைத்தால் சரியாகும்.

மவுஸால் இதைச் செய்ய முடியும், ஆனால் கை நொந்துவிடும். அழுத்தத்தை உணரும் பேனா டேப்லெட் இந்தத் தொழிலில் ஆடம்பரம் இல்லை. சிறிய அளவு டேப்லெட்டே தொடங்கப் போதும்.

‘ஃப்ரீக்வென்சி செபரேஷன்’ என்ற முறையும் காதில் விழுந்திருக்கும். துளை, முடி போன்ற நுண்விவரங்களை ஒரு லேயரிலும், நிறத்தையும் வெளிச்சத்தையும் இன்னொரு லேயரிலும் பிரிப்பது அது. படத்தை இரண்டு நகல் எடுத்து, கீழ் நகலுக்குத் துளைகள் மறையும்வரை மட்டும் காஸியன் பிளர் கொடுக்க வேண்டும். மேல் நகலில் ‘அப்ளை இமேஜ்’ திறந்து கீழ் லேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 8 பிட்டில் ‘சப்ட்ராக்ட்’, ஸ்கேல் 2, ஆஃப்செட் 128, 16 பிட்டில் ‘ஆட்’, ‘இன்வர்ட்’ குறியோடு, ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. பிறகு மேல் லேயரை ‘லீனியர் லைட்’ ஆக்கினால் படம் அசல்போலவே திரும்ப வரும். அப்படி வரவில்லையென்றால் எண்களில் ஏதோ தவறு. துணி மடிப்பு, நெற்றி எண்ணெய்ப் பளபளப்பு ஆகியவற்றுக்கு இது நல்ல கருவி. முகம் முழுவதையும் தேர்வுக் கருவியான லாஸோவால் வளைத்து வளைத்துக் கீழ் லேயரைப் பிளர் செய்யும் பழக்கம் வந்துவிட்டால், துளைகள் இருந்தும் எலும்பில்லாத முகம் கிடைக்கும். வேகத்துக்காக இதை நம்பிக் கெட்ட முகங்கள் மிக அதிகம்.

மாநிறத்தை மாநிறமாக வைப்பது

“கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க” என்ற கோரிக்கை நம் ஊரில் வராமல் இருக்காது. வெளுக்க வைப்பது மரியாதைக்குறைவு என்பது ஒருபுறம். தொழில்நுட்பமாகவும் அது மோசமான திருத்தம். டிஜிட்டல் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களால் ஆனது. தோலில் சிவப்பு சேனல்தான் எப்போதும் உயரத்தில் இருக்கும், அடுத்துப் பச்சை, கடைசியில் நீலம். வெளிச்சத்தை ஏற்றினால் சிவப்பு முதலில் உச்சியைத் தொட்டு நின்றுவிடும், மற்றவை ஏறிக்கொண்டே போகும். நெற்றியும் மூக்கும் முதலில் மஞ்சளித்து, பிறகு சுண்ணாம்படித்த மாதிரி வெளிறும். கருத்த தோலின் அழகு, ஆழமான அடிநிறத்துக்கும் அதன்மேல் ஓடும் ஒளிக்கோட்டுக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. அடிநிறத்தை ஏற்றினால் அந்தத் தூரம் குறைந்து முகம் மங்கும். அடிநிறத்தை விட்டுவிட்டு ஒளிக்கோடுகளை மட்டும் டாட்ஜ் செய்து பாருங்கள். கேட்டவரே பெரும்பாலும் திருப்தியடைவார், ஏனென்றால் அவர் கேட்டது பொலிவைத்தான்.

முகம் உண்மையிலேயே வெளிறிப் பதிவாகும் நேரமும் உண்டு. சில ஃபவுண்டேஷனிலும் பவுடரிலும் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, சிலிக்கா ஆகியவை ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். நேரில் பொருத்தமாக இருந்த முகம் படத்தில் சாம்பல் பூத்திருக்கும். அங்கே கழுத்தையும் காதுமடலையும் ஆதாரமாக வைத்து, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, வெளிச்சத்தைச் சற்று இறக்கி, நிறத்தை மஞ்சள் பக்கமாகச் சூடேற்ற வேண்டும். எண்களாலும் சோதிக்கலாம். நிறத்தை எண்களாகக் காட்டும் இன்ஃபோ பேனலை சிஎம்ஒய்கேயில் (அச்சு மைகளின் நிறக்கணக்கு) வைத்துக் கன்னத்தைப் படியுங்கள்: மஞ்சள், மெஜந்தாவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்க வேண்டும். மெஜந்தா முந்தினால் முகம் ரோஜா நிறத்துக்குப் போகிறது.

கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு தாடையின் அடியில் பிரதிபலிக்கும். காலி லேயரை ‘கலர்’ மோடில் வைத்து, கன்னத்து நிறத்தை எடுத்து, குறைந்த ஃப்ளோவில் தடவினால் அது தணியும். பாதியைத்தான் எடுக்க வேண்டும். முழுவதையும் எடுத்தால், அந்தப் புடவைக்கு மேலே இந்த முகம் இருந்ததாகவே நம்ப முடியாது.

தங்கம், பட்டு, கண், பல்

தங்கத்துக்கென்று தனி நிறம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் சுற்றியிருப்பதன் பிரதிபலிப்பு. பச்சைப் பந்தல் துணியின் கீழே நின்றால் ஆரமும் பச்சையடிக்கும். அந்தச் சாயலை மட்டும் குறைத்து, இருண்ட பகுதிகளை இருட்டாகவே விடுங்கள். நகைக்கு அந்தக் கருமைதான் வடிவம் தருகிறது. எல்லாவற்றையும் மஞ்சளாக்கினால் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

ஜரிகையின் நெருக்கமான இழைகளும் சென்சாரின் கட்டங்களும் மோதும்போது வானவில் அலைகள் தோன்றும், அதுதான் மொய்ரே. முதலில் 100 சதவீதத்தில் பாருங்கள்; 33, 66 சதவீதத்தில் திரை மட்டும் காட்டும் பொய்யான அலைகளும் உண்டு. உண்மையான மொய்ரேயில் நிறப் பட்டையை ‘கலர்’ மோடு லேயரால் மூடிவிடலாம். வெளிச்சப் பட்டையாக வந்தால் திருத்துவது மிகக் கடினம். அடுத்த ஃபிரேமில் இருந்து துணியை எடுத்து ஒட்டுவது பல நேரம் விரைவான வழி.

கண்வெள்ளை, பல் இரண்டிலும் தவறு ஒன்றே: வெளுப்பது. கண் ஓர் உருண்டை, மேலிமையின் நிழல் அதில் விழத்தான் செய்யும். சிவப்பின் சாச்சுரேஷனைக் குறையுங்கள், தடித்த நரம்பு ஒன்றிரண்டை எடுங்கள், அத்தோடு விடுங்கள். பல்லிலும் மஞ்சளைக் குறைத்தால் போதும், வெளிச்சத்தை ஏற்ற வேண்டாம்.

உடலமைப்பை மாற்றும் லிக்விஃபை கருவியைத் தொடும்போது பின்னணியைக் கவனியுங்கள். இடுப்பை உள்ளே தள்ளினால் மண்டபத் தூணும் சேர்ந்து வளையும். ஜாக்கெட் கசங்கி வீங்கியிருந்தால் தட்டலாம். ஆளையே மாற்றக் கூடாது. விளம்பரத் துறையில் சில நாடுகள் இதைச் சட்டமாக்கியிருக்கின்றன. மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நார்வே 2022 ஜூலையிலிருந்து உடல் வடிவம், அளவு, தோல் மூன்றுக்கும் குறிப்பைக் கட்டாயமாக்கியது.

அறையும் திரையும்

சுவர் நீலமாக இருந்தால் கண் அதற்குப் பழகி, படத்தில் மஞ்சளைக் கூட்டிவிடும். சாம்பல் அல்லது வெள்ளைச் சுவர், ஜன்னல் வெயில் திரையில் படாத இடம், எப்போதும் ஒரே விளக்கு: இவை முதல் தேவை. மானிட்டரை அளவுகோல் கருவியால் 6500 கெல்வின், காமா 2.2, பிரகாசம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்று சரிசெய்து, மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். பிரிண்ட் கருப்பாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் பிரிண்ட் போடும் லேப் காரணமில்லை. முழுப் பிரகாசத்தில் எரியும் மானிட்டரில் பார்த்துத் திருத்தியதுதான் காரணம்.

12க்கு 36 அங்குல ஆல்பம் விரிப்பு, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 10,800க்கு 3,600 பிக்சல். ஷார்ப்பனிங்கை இந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கடைசியில்தான் செய்ய வேண்டும். முன்னாலேயே செய்தால் மாஸ்க் விளிம்புகளும் துளைகளும் சேர்ந்து கரகரக்கும். நிற வெளியை லேபிடம் கேட்டு அனுப்புங்கள், பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி. லேயர்களோடு உள்ள ஃபைலைத் தனியே வைத்திருங்கள். 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டி ஏற்காது, பிஎஸ்பியாகச் சேமிக்க வேண்டும்.

ஒரு கல்யாணத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் ஆல்பத்துக்குத் தேர்வாகும். எல்லாவற்றுக்கும் டாட்ஜ் அண்ட் பர்ன் செய்ய யாராலும் முடியாது. முழுப்பக்க நெருக்கப் படங்கள் இருபது முப்பதைப் பிரித்து அவற்றுக்கு உழைப்பதும், கூட்டப் படங்களுக்குக் கலர் கரெக்‌ஷனோடு நிறுத்துவதும் ரீடச்சரின் தீர்மானம். முடித்த முகத்தை அன்றே அனுப்பாதீர்கள். மறுநாள் காலை படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்; பழகிப்போன கண்ணுக்கு மறைந்திருந்த மிகை உடனே தெரியும். திருத்த லேயர்கள் எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு, ஒப்பாசிட்டியை 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே சரியான அளவாக இருக்கும்.

ரீடச்சரைத் தேடுபவர்கள், அவர் முடித்த படம் ஒன்றை அசலோடு சேர்த்து 100 சதவீத அளவில் கேளுங்கள். கண்ணையும் உதட்டையும் விட்டுவிட்டுக் காது, கழுத்து, புறங்கை, முடியோரம் நாலையும் பாருங்கள். மூக்குப் பக்கத்துத் துளையும் கண்ணுக்குக் கீழுள்ள துளையும் வேறுவேறு அளவில் இருக்கின்றனவா, மச்சம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லேயர் ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த லேயரை எதற்காகப் போட்டார் என்று தயங்காமல் சொல்பவரிடம் முகூர்த்தப் படங்களைக் கொடுக்கலாம்.